கொல்லன் உலையும் பறங்கிப்பேட்டை இரும்பாலையும்

நல்ல தோழனுக்கும் தீய தோழனுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமையை நம் வீட்டுப் பிள்ளைகள் ஓதும் வயதிலேயே கேட்டறிவார்கள். ஒருவன் கஸ்தூரி வியாபாரி. மற்றவன் துருத்தி ஊதுபவன். வானூர்ச் சாலையோரத்துக் கொல்லுப் பட்டறையில் நான் பொழுது போக்கிய நாட்களில், என் அத்தா இந்த உவமையைத்தான் என் மீது ஏவுவார். உவமை நட்பைப் பற்றியது, தொழிலைப் பற்றியதன்று என்று பதில் சொல்லும் அறிவு அப்போது எனக்கு இல்லை. ஆனால் உவமையின் உண்மை என் கைலியில் எழுதப்பட்டிருந்தது. பொறி பட்டுக் கருகிய துளைகளை எண்ணியே அத்தா அன்று நான் எங்கிருந்தேன் என்று கண்டுகொள்வார்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக் கொல்லையில் எனக்கென்று ஓர் உலை கட்டிக்கொண்டேன். பிழைப்புக்காக அன்று, ஆசைக்காக. ஒரு முழச் சதுரத்துக்குச் செங்கல் மேடை, நடுவே குழி, குழியின் அடியில் காற்றுக் குழாய், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய கைச்சக்கர ஊதி ஒன்று கிடைத்தது. லாரியின் உடைந்த ஆக்ஸிலைப் புளியங்கட்டையில் நட்டு நிறுத்தி அதையே பட்டடையாகக் கொண்டேன். இவ்வளவு எளிய பொருள்களைக் கொண்டு இரும்பை வளைத்துவிடலாம் என்பது முதலில் வியப்பாகத்தான் இருந்தது. அந்த வியப்பு ஒரு வாரம் நீடித்தது.

நான் செய்த முதல் பிழை மண்ணில். மரக்காணத்து உப்பளப் பக்கமிருந்து வந்த களிமண், கருமையாகவும் பசையாகவும் இருந்தது. பார்ப்பதற்கு அழகான மண். அதைக் குழியின் உட்புறம் பூசினேன். இரண்டாம் நாளே பாளம் பாளமாக வெடித்தது; காற்றை மிகுத்தபோது குழாய் வாயருகே அது உருகிக் கண்ணாடிபோல் வழிந்தது. எங்கள் ஊர் ஆசாரி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "உப்பு மண்ணாச்சே பாய், நெருப்புல நிக்குமா? புத்து மண்ணு கொண்டாந்து உமியப் போட்டு மிதிங்க. அவசரப்படாம காய விடுங்க" என்றார். உப்பு, மண்ணின் உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது என்று புத்தகம் சொல்லும். அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. புற்று மண்ணும் உமியும் சேர்த்துப் பூசிப் பத்து நாள் நிழலில் காயவிட்ட குழி இன்றும் நிற்கிறது.

இரண்டாம் பிழை இன்னும் மோசமானது. காற்றுக்காக நான் பொருத்திய குழாய் துத்தநாகம் பூசியது. சூடேறியதும் வெண்புகை கிளம்பியது. அன்றிரவு குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்தேன். வீட்டில் மலேரியா என்று நினைத்தார்கள். உலை கட்டும் ஆசை உள்ள இளைஞர்கள் யாரேனும் இதைப் படித்தால், வேறெதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்: துத்தநாகம் பூசிய இரும்பை நெருப்பருகே கொண்டு போகாதீர்கள். பூச்சற்ற இரும்புக் குழாயே வேண்டும். ஈரக் கல்லையும் குழிக்குள் வைக்கலாகாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும்.

மூன்றாவது சிக்கல்தான் என்னை வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது. அது எரிபொருள்.

கொல்லன் உலையில் ஊர்க் கொல்லர்கள் எரிப்பது பெரும்பாலும் மரக்கரி. நிலக்கரியும் எரியும், ஆனால் அது கொல்லுலைக்கேற்ற நிலக்கரியாக இருக்க வேண்டும். எரியும்போது அது தன் புகையை விட்டுக் கல்கரியாக இறுகி, வெப்பத்தை ஒரு கூட்டுக்குள் பிடித்து வைக்கும். அதில் வரும் கிட்டத்தை அவ்வப்போது கொக்கியால் இழுத்துப் போட வேண்டும். எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 1956-இல் அங்கே நிறுவனம் தொடங்கியபின், பூமிக்கடியிலிருந்து கரி மலைபோல் வந்து குவிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் கரி இருக்கக் கவலை என்ன என்று நானும் எண்ணினேன். ஆனால் நெய்வேலியின் கரி பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரமே. மின்சாரம் ஆக்க உதவும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சப் பயன்படாது. அதைச் சுட்டுக் கட்டியாக்கி 'லெக்கோ' என்ற பெயரில் ஒரு காலத்தில் விற்றார்கள். நம் தாய்மார்களில் பலர் அதில் சோறாக்கியிருப்பார்கள். இப்போது அதுவும் இல்லை.

ஆகவே மரக்கரிக்கே திரும்பினேன். எங்கள் கடற்கரை நெடுகச் சவுக்குத் தோப்புகள் உண்டு. வெளிநாட்டு மரமான சவுக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பெருவாரியாக நட்டதற்கு ஒரு பெருங்காரணம், அன்றைய ரயில் எஞ்சின்களின் விறகுப் பசி. சவுக்குக் கரியும் வேலிகாத்தான் கரியும் மூட்டை மூட்டையாக வாங்கினேன். ஒரு நாள் காலை முழுவதும் உழைத்து, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டி ஒன்றின் இரண்டே கொக்கிகளை வளைத்து முடித்தபோது ஒரு சாக்குக் கரி சாம்பலாகியிருந்தது. இரும்போ கையளவு. அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. ஆயத்த இரும்பை வளைக்க மட்டுமே ஒரு சாக்குக் கரி வேண்டுமானால், கல்லிலிருந்து இரும்பைப் பிரித்தவர்கள் எத்தனை காட்டை எரித்திருப்பார்கள்?

இக்கேள்விக்கு விடை எங்கள் கடற்கரையிலேயே, வானூருக்குத் தெற்கே, பறங்கிப்பேட்டையில் இருக்கிறது. மஹ்மூது பந்தர் என்று நம்மவர் அழைத்த அதே துறைமுகம். 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படை ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றதும் அங்கேதான். பள்ளிப் பாடத்தில் அந்த ஊருக்கு அவ்வளவே இடம். ஆனால் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு ஆக்க இந்தியாவில் நடந்த முதல் முயற்சிகளுள் ஒன்று அங்கே நடந்தது என்பதைப் பறங்கிப்பேட்டை உறவினர்களிலேயே பலர் அறியார்.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அலுவலர். சேலம் பகுதியில் பணியாற்றியபோது, கஞ்சமலையின் கருங்கனிமத்தையும் அதை உருக்கும் ஊர்க் கொல்லர்களையும் கண்டு வியந்தார். 1825-இல் இரும்பாக்கும் தனியுரிமையைப் பெற்றார். 1830-ஐ ஒட்டிப் பறங்கிப்பேட்டையில் ஊதுலைகளை எழுப்பினார். கம்பெனி அரசு கடன் கொடுத்தது. மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது. கனிமம் சேலத்திலிருந்து பரிசல்களில் காவிரி வழியாகவும் கொள்ளிடம் வழியாகவும் மிதந்து வந்தது. ஆக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து சென்றது. வேல்ஸ் நாட்டுக் கடற்காலின் மீது 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் பறங்கிப்பேட்டை இரும்பு சேர்ந்திருக்கிறதென்று மாவட்ட விவர நூல்கள் பெருமையோடு குறிக்கின்றன.

ஹீத் ஊர்க் கொல்லர்களின் முறையைக் கூர்ந்து நோக்கி 1839-இல் லண்டனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆங்கில அலுவலர்களின் எழுத்துகளை நான் பொதுவாக ஐயத்தோடுதான் படிப்பேன். இதை மதிப்போடு படித்தேன். நான்கு முதல் ஐந்து அடி உயரமுள்ள மண் உலை. ஆட்டுத்தோலில் செய்த இரண்டு துருத்திகள். ஒன்று மூச்சு விடும்போது மற்றொன்று மூச்சு வாங்க, காற்று அறாமல் போகும். துருத்தியின் மூக்கு மூங்கில். அதன் முனையில் மண்குழாய். மூன்று நான்கு மணி நேரம் ஊதியபின் உலையின் முன்சுவரை உடைத்து இரும்புப் பாளத்தை வெளியே எடுப்பார்கள். அந்தப் பாளம் உருகி ஓடியதன்று. இரும்பு உருக 1538 பாகை வெப்பம் வேண்டும். மண் உலையில் அவ்வளவு ஏறாது. கல்லின் கசடுதான் உருகி வடியும். இரும்பு பஞ்சுபோல் திரண்டு நிற்கும். அதை அடித்து அடித்துக் கசட்டைப் பிழிய வேண்டும்.

இதற்கு அடுத்த வேலைதான் உலகம் வியந்த வேலை. அந்த இரும்பைத் துண்டாக்கிச் சிறு மண்குகைகளில் இட்டு, உலர்ந்த ஆவாரங் குச்சிகளைச் சேர்த்து, எருக்கிலை போன்ற பச்சிலைகளால் மூடி, வாயை மண்ணால் அடைத்துவிடுவார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குகைகளை ஓர் உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். குச்சியிலும் இலையிலும் உள்ள கரியை இரும்பு குடித்துக்கொள்ளும். குடிக்கக் குடிக்க அதன் உருகுநிலை தாழும். உருகி, ஆறி, உருக்கு ஆகும். ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று எழுதிய உருக்கு இதுவே. ஆவாரையும் எருக்கும் எங்கள் வானூர்ச் செம்மண்ணில் கேட்பாரற்று வளர்கின்றன. ஆவாரம்பூவை மஞ்சள் காமாலைக்கும் மேனி மினுக்குக்கும் தேடும் நாம், அந்தச் செடி உருக்குக்கு உயிர் கொடுத்ததை மறந்தோம்.

இந்த உருக்கின் பெருமையை ஆங்கிலேயருக்கு முன்பே எழுதி வைத்தவர்கள் அரபு அறிஞர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி வாள்களின் வகைகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். சரந்தீபு வாள்களை அதில் தனியே பேசுகிறார். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனியும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்இத்ரீசியும் இந்திய இரும்பின் சிறப்பைக் குறித்தனர். அரபு மொழியில் நல்ல வாளுக்கு 'முஹன்னத்' என்றே ஒரு பெயர் உண்டு. ஹிந்துவின் இரும்பால் ஆனது என்பது அதன் உட்பொருள். நம் மேடைகளில் திமிஷ்கு வாளைப் பற்றி முழங்குவோர் உண்டு. திமிஷ்கின் பெயரால் புகழ்பெற்ற அந்த வாளின் உருக்கு எங்கிருந்து போயிற்று என்பதைச் சொல்லாமல் விடுவது பாதி உண்மைதான். மறு பாதி, ஆட்டுத்தோல் துருத்தியை மிதித்துக்கொண்டு, சேலத்திலும் மைசூரிலும் தென்னார்க்காட்டிலும் தெலுங்கு நாட்டிலும் ஈழத்திலும் உட்கார்ந்திருந்தது. அறிஞர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது; ஒரு கொல்லனின் பெயரும் அந்த நூல்கள் வழியே நம்மை வந்தடையவில்லை.

இவ்வாறு சொல்வதில் சமுதாயத்துக்குக் குறைவு ஏதுமில்லை. திருமறையில் ஓர் அத்தியாயமே இரும்பின் பெயரால் அமைந்தது. நபி தாவூது (அலை) அவர்களுக்கு இரும்பு இளக்கித் தரப்பட்டது. துல்கர்னைனின் அரணைக் கட்டியபோதும் இரும்புப் பாளங்களும் ஊதப்பட்ட நெருப்பும் இருந்தன. நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்கள் மக்காவில் கொல்லராக இருந்தவர். இத்தனையும் அறிந்த நாம், கொல்லுப் பட்டறையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

சரந்தீபைச் சொன்னேன். அங்கே நடந்த ஒரு கண்டுபிடிப்பு என் சிற்றுலைக்கே பாடம் சொன்னது. இலங்கையின் தென்பகுதியில் சமனலவெவ என்னுமிடத்தில், மலைச்சரிவுகளின் மேற்கு முகமாகக் கட்டப்பட்ட உலைகளை ஜில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் கண்டறிந்து, அதே போன்ற உலையைக் கட்டி எரித்துக் காட்டி, 1996-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அந்த உலைகளுக்குத் துருத்தியே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று முகத்தில் மோத, அந்தக் காற்றே உலையை ஊதியது. கி.பி. ஏழு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை இந்த முறையில் உயர்ந்த உருக்கு அங்கே ஆகியிருக்கிறது. அல்கிந்தியின் சரந்தீபு வாள் வெறும் கதையன்று என்பதற்கு இது சான்று. இதை ஆசாரியிடம் சொன்னேன். அவர் சற்றும் வியக்கவில்லை. "எங்கயும் காத்துதான் பாய் வேல செய்யிது. நாம புடிச்சிக் குடுக்குறோம், அவ்வளவுதான்" என்றார்.

நம் பக்கத்திலும் சான்றுகள் மண்ணுக்குள் கிடந்தன. பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் உருக்குக் குகைகளின் உடைசல்களை 1990-களில் சாரதா சீனிவாசன் கண்டு ஆராய்ந்தார். ஈரோட்டை அடுத்த கொடுமணலில் சங்க கால உலைகள் வெளிப்பட்டன. மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிவகளையின் காலம் அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னே சென்று, கி.மு. நாலாம் ஆயிரத்தைத் தொட்டது. இவ்வளவு தொன்மையை அறிஞர்கள் இன்னும் பல கோணங்களில் ஆராய்வார்கள்; ஆராயட்டும்.

இனிப் பறங்கிப்பேட்டைக்குத் திரும்புவோம். இவ்வளவு நல்ல கனிமம், இவ்வளவு கூர்மையான மனிதர், அரசின் கடன், கப்பல் நிற்கும் துறை — எல்லாம் இருந்தும் ஆலை ஏன் வீழ்ந்தது? நிர்வாகக் கோளாறு, பணமுடை, கைதேர்ந்த ஆட்கள் இல்லாமை எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நிறுவனம் கைமாறி, 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதுப்பெயர் பூண்டு, கடைசியில் 1874-இல் கலைக்கப்பட்டது. என் கருத்தில், எல்லாக் காரணங்களுக்கும் அடியில் கரி இருந்தது. ஊர்க் கொல்லனின் உலை சிறியது. காடு எங்கே இருக்கிறதோ அங்கே அது பெயர்ந்து போகும். ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் தழைக்கும். ஹீத்தின் ஊதுலையோ நின்ற இடத்தில் நின்றுகொண்டு, இரவும் பகலும் கரி கேட்டது. அணைத்தால் நட்டம்; எரித்தால் காடு தீரும். கனிமம் ஆற்றில் மிதந்து வந்தது. ஆனால் கரி வரவர நெடுந்தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆலைகள் நிலக்கரியை எரித்து, மலிவு இரும்பைக் கப்பல் கப்பலாக இங்கே இறக்கின.

ஹீத் இங்கிலாந்து திரும்பிச் செஃபீல்டில் இன்னொரு சாதனை செய்தார். உருக்குடன் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அதனால் அந்நகரின் உருக்கு மலிந்தது, ஆலைகள் கொழித்தன. அவருக்குக் கிடைத்தது வழக்கு. உரிமையின் சொற்களில் இருந்த ஓர் இடுக்கு வழியாக மற்றவர்கள் நுழைந்துகொண்டார்கள். நீதிமன்றப் படிகளிலேயே காலம் கழித்து மாண்டார். ஊட்ஸை ஆராய்ந்து 1819-இல் எழுதிய மைக்கேல் ஃபாரடேயும் நினைவுக்கு வருகிறார். மின்சாரத்தின் தந்தை என நாம் போற்றும் அவர் ஒரு கொல்லரின் மகன்.

பெரிய ஆலை வீழ்ந்தது போகட்டும். சிறிய உலைகள் ஏன் அவிந்தன? 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டுக்கு வேலி இட்டது. கரி சுடுவது குற்றமாகவோ கட்டணத்துக்குரியதாகவோ ஆயிற்று. மறுபுறம் சந்தையில் சீமை இரும்பு. கல்லைக் காய்ச்சி ஒரு பாளம் எடுக்கும் உழைப்பில் பாதி விலைக்கு நீண்ட பட்டையாகவும் கம்பியாகவும் இரும்பு கிடைத்தால் எந்தக் கொல்லன் கல்லைக் காய்ச்சுவான்? உருக்கியவர்கள் போனார்கள், அடிப்பவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தாய்வழிப் பாட்டனார், நாங்கள் நன்னா என்று அழைத்தவர், புதுச்சேரியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதியவர். சீமைப் பட்டை, சீமைக் கம்பி என்றே அவர் வாயில் வரும். நேர்மையான கணக்கர், அந்தச் சம்பளத்தில்தான் என் தாயார் வளர்ந்தார். அந்நியர் நம் தொழிலை அழித்தார் என்று எழுதும்போதெல்லாம் பேனா சற்றே தயங்குகிறது. அந்த இரும்பை எடை போட்டுக் கொடுத்த கைகளில் எங்கள் கையும் இருந்தது. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் வானூருக்கும் போன கட்டுகளின் எண்ணிக்கை அவர் எழுதிய கணக்கில்தான் ஏறியது.

எங்கள் ஆசாரியின் பாட்டனாரும் அந்தக் கட்டுகளைத்தான் வாங்கியிருப்பார். உப்பளத்து மண்வெட்டிகளே அவர் பட்டறையின் பெரும் வேலை. உப்புநீர் இரும்பைத் தின்றுவிடும். தை மாசியில் அளம் தொடங்கினால் மழைக்காலம் வரும்வரை மண்வெட்டிகள் தேய்ந்து தேய்ந்து பட்டறைக்கு வரும். தேய்ந்த இலையின் முனையில் புது இரும்பை வைத்து, இரண்டையும் வெண்சூட்டில் ஒட்டி அடிப்பார். அந்தச் சூட்டைக் கண்ணால் மட்டுமே அளந்தார். செம்மை, மஞ்சள், வெண்மை. வெண்மைக்கு அப்பால் பொறி பறந்தால் இரும்பு எரிகிறதென்று பொருள். தோய்ச்சல் கொடுக்கும்போது விளிம்பில் வைக்கோல் நிறம் ஓடி நீலமாகும் முன் தண்ணீரில் நனைப்பார். இன்று கடையில் ஆயத்த மண்வெட்டி கிடைக்கிறது. தேய்ந்தால் தூக்கி எறிகிறார்கள். ஆசாரியின் இரு மகன்களும் சென்னையில் வேறு வேலையில் இருக்கிறார்கள். அவர் பட்டறை சென்ற ஆண்டு மூடப்பட்டது. துருத்தியின் தோல் எலி கடித்து நைந்துபோயிற்று.

இப்போது அவர் மாலை வேளைகளில் என் கொல்லைக்கு வருகிறார். அஸர் தொழுதுவிட்டு நான் வரும்போது கரியை மூட்டி வைத்திருப்பார். கோட்டக்குப்பத்திலிருந்து விடுமுறைக்கு வரும் என் பேரன் ஊதியின் சக்கரத்தைச் சுற்றுகிறான். வேகமாகச் சுற்றினால் அவர் கை உயர்த்துவார். மெதுவானால் கண்ணைக் காட்டுவார். சென்ற வாரம் பாதாளக்கரண்டியின் மூன்றாம் கொக்கியைப் பையனே அடித்தான். வளைவு சரியில்லை. ஆசாரி அதைக் குறடால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொட்டியில போடாத தம்பி. இன்னும் ஒரு சூடு குடு" என்றார்.